புதுக் கேமராவின் குறைகள்

கதவைத் திறந்த அந்த வீட்டு மருமகனின் கழுத்தில் கேமரா தொங்கியது. வீட்டில் திருட்டுப் போய், போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்று நிற்கிற மனுஷனுக்கு அதைக் கழற்றி வைக்கவாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. குளிக்கும்போது என்ன செய்வார் என்று கேட்கத்தான் நாத்தனாருக்கு முதலில் வாய் வந்தது.

அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். இது அவர்களுடைய வழக்கமான ஏற்பாடு.

ஒரு அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருப்பதையே பெரிய விஷயமாகப் பேசுவார்கள். இவர்கள் சேர்ந்து துப்பறியும் ஆபீஸே நடத்துகிறார்கள். அண்ணி கல்யாணத்துக்கு முன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். நாத்தனாருக்கு அப்படி முன் அனுபவம் எதுவும் கிடையாது, வாய் மட்டும் உண்டு. நடுவில் அகப்பட்ட அண்ணன்காரர் வீட்டில் சமையலைப் பார்த்துக்கொள்கிறார், இரண்டு பேர் பேச்சிலும் தலையிடுவதில்லை.

அவர்களை வரச்சொன்னது மருமகன் இல்லை, அவருடைய மாமனார். ஓய்வுபெற்ற தாவரவியல் புரொபசர். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருந்தார். பெண் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்ததால் வீட்டில் மாமனாரும் மருமகனும் மட்டும். மாலையில் ஒரு நர்ஸ் வந்து போவாள்.

காணாமல் போனது ஒரு மைக்ராஸ்கோப். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில், பழைய பித்தளையில் செய்தது. ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரிக்குள் அது நின்ற இடத்தில் இப்போது லாட வடிவத்தில் ஒரு தடம் மட்டும் இருந்தது.

"நேத்து சாயங்காலம் சிஸ்டர் வந்தாங்க, நான் தெருவைப் படம் எடுக்கலாம்னு கேமராவோட கிளம்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தா அலமாரி பூட்டினபடி இருக்கு, உள்ளே மைக்ராஸ்கோப் இல்ல. வீட்டுல இருந்தது மாமாவும் சிஸ்டரும்தான். மாமாவால எழுந்திருக்க முடியாது." மருமகன் அதோடு நிறுத்திக்கொண்டார். மீதிக் கணக்கை அவரவர் போட்டுக்கொள்ளலாம் என்பதுபோல.

நர்ஸ் சாப்பாட்டு மேஜை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. காலையில் அதைக் கொட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள், காட்டியிருந்தாள். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிய பிறகும் ஜிப்பை மூடவில்லை. இன்னொரு முறை கேட்டால் திறக்கும் வேலை மிச்சம் என்று வைத்திருந்தாளோ என்னவோ, அந்தத் திறந்த பையைப் பார்க்க நாத்தனாருக்குச் சங்கடமாக இருந்தது.

"என்னை வேலைக்கு அனுப்பற ஏஜென்சியில மத்தியானம் வரைக்கும் பொறுக்கிறோம்னு சொல்லியிருக்காங்க," என்றாள் நர்ஸ். குரல் நிதானமாகத்தான் இருந்தது. "அதுக்குள்ள ஒரு முடிவு தெரியலேன்னா என்னை வேலையிலேருந்து எடுத்துடுவாங்க. திருட்டுன்னு ஒரு இடத்துல எடுத்துட்டா அப்புறம் எங்கேயும் நோயாளி பக்கத்துல விடமாட்டாங்கம்மா. எனக்கு வேற வேலை தெரியாது."

அறை வாசலில் சக்கர நாற்காலியிலிருந்து புரொபசர் சொன்னார். "இந்தப் பொண்ணு எடுத்திருக்காது. ஆனா மாப்பிள்ளை ஒரு போட்டோ வெச்சிருக்கார். அதுக்கு என்னால பதில் சொல்ல முடியலை."

"போட்டோவைப் பார்க்கலாமா?" என்றாள் அண்ணி.

மருமகனின் முகம் மலர்ந்தது. சாட்சி சொல்லப் போகிறவர் மாதிரி இல்லை, பரிசு வாங்க மேடைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

"வாங்கி ரெண்டு வாரம்கூட ஆகலை மேடம். இதுவரைக்கும் என் மதிப்பீடு என்னன்னா, முதல் தடவையா டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்குறவங்களுக்கு இது தாராளமா போதும். கைக்கு அடக்கமா இருக்கு. பேட்டரி நிக்குது. கலர் சுத்தமா வருது."

"திருட்டு?" என்றாள் அண்ணி.

"அதுக்குத்தான் வர்றேன். குறையும் சொல்லணும் இல்லையா? ஒண்ணு, எடுக்கிற படத்துல பாதிக்கு மேல அடியில கறுப்பா ஒரு அரைவட்டம் விழுது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கேன். ரெண்டு, கண்ணை வெச்சுப் பார்க்கிற வ்யூஃபைண்டர் முழுசாக் காட்டறதில்ல. நான் பார்க்காததெல்லாம் படத்தோட ஓரத்துல வந்து நிக்குது. மூணு, ஃபோகஸ். நான் ஒண்ணைப் பார்த்தா அது வேற எதையோ பார்க்குது."

"எங்க அண்ணன்கூட அண்ணியைப் பத்தி இவ்வளவு விவரமா சொன்னதில்ல," என்றாள் நாத்தனார்.

"அவர் வாரண்டி முடிஞ்சு போன கேஸ்," என்றாள் அண்ணி. "படம் எங்கே சார்?"

மருமகன் பொத்தான்களை அழுத்தினார். சின்னத் திரையில் முதலில் வந்தது நர்ஸின் முகம். நேராக நிற்கவைத்து எடுத்தது. முகம் ஆவி படிந்ததுபோல் மங்கியிருந்தது. அவள் பின்னால் ஜன்னலோரம் இருந்த பூச்சாடி மட்டும் இலை இலையாகத் தெரிந்தது.

"இது காலையில எடுத்தது. புகாரோட ஏஜென்சிக்கு அனுப்பிட்டேன். பாருங்க, ஃபோகஸ் சொன்னேன்ல?"

நர்ஸ் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த படம் அலமாரி. நேர் எதிரே நின்று எடுத்தது. நடுத்தட்டில் மைக்ராஸ்கோப் மின்னியது. அடியில் மருமகன் சொன்ன கறுப்பு அரைவட்டம். "குறைஞ்ச வெளிச்சத்துல எப்படி வருதுன்னு சோதனைக்கு எடுத்தது. இதை எடுத்து முடிச்சேன், சிஸ்டர் வந்தாங்க, நான் கிளம்பிட்டேன். நான் போறப்ப இருந்ததுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

"அலமாரி சாவி?"

"மாமா கட்டில் பக்கத்து டிராயர்ல. நான் அதைத் தொட்டதே இல்ல. மாமா விடமாட்டார்."

"விட்டதே இல்ல," என்றார் புரொபசர். "போன வருஷம் சுத்தம் பண்றேன்னு கடிகாரத்தைக் கழட்டினார். இன்னும் சேரலை."

அண்ணி எழுந்து அறையைச் சுற்றி நடந்தாள். நாத்தனாரும் பின்னால் போனாள். புத்தக ஷெல்ஃபின் மேல்தட்டில், வீட்டுக்கு வீடு குடும்பப் படம் வைக்கிற இடத்தில், கேமராவின் டப்பா முகத்தைக் காட்டி நின்றது. பக்கத்தில் உபயோகிக்கும் முறை சொல்லும் புத்தகம், பிளாஸ்டிக் உறைகள், ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலம், முட்டை அட்டைபோல் குழி குழியாக அச்சு வார்த்த உள்அட்டை எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"எதையும் தூக்கிப் போடலையா சார்?" என்றாள் நாத்தனார்.

"வாரண்டி முடியற வரைக்கும் ஒரு துண்டுக் காகிதம் போகக்கூடாதுங்க. நாளைக்கு விக்கணும்னாலும் டப்பா இருந்தா தனி மதிப்பு."

அண்ணி தலையாட்டினாள். "சார், உங்க கேமராவை இவகிட்ட கொஞ்சம் கொடுங்க. நீங்க நேத்து நின்ன இடத்துல நின்னு அதே அலமாரியை எடுக்கட்டும். நீங்க வெச்சிருந்த மாதிரியே, எதையும் மாத்தவேண்டாம்."

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடுகிறவர்போல மருமகன் கேமராவைக் கழற்றிக் கொடுத்தார். நாத்தனார் லென்ஸைப் பிடித்தாள். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணை வைத்து, அலமாரியைப் பார்த்து அழுத்தினாள். கேமராவின் தலையிலிருந்து ஃப்ளாஷ் தானாக எழுந்து பளீரென்று அடித்தது. கேமராவைத் திருப்பிக் கொடுத்த மறுநொடி அது கழுத்துக்குப் போய்விட்டது.

"ரெண்டு படத்தையும் டிவியில போடுங்க," என்றாள் அண்ணி.

ஹால் டிவியில் இரண்டு படங்களும் பெரிதாக வந்தன. முதலில் நாத்தனார் எடுத்தது. அடியில் அதே அரைவட்டம். நடுக்கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வெளிச்சப் பொட்டு, சூரியனை அலமாரிக்குள் பூட்டிவைத்ததுபோல.

"நான் எடுத்தா இப்படித்தான் வரும்," என்று நாத்தனார் ஒப்புக்கொண்டாள். "நான் எடுத்த கல்யாணப் போட்டோவுல மாப்பிள்ளைக்குத் தலையே கிடையாது."

"நீ சரியாத்தான் எடுத்திருக்கே," என்றாள் அண்ணி. நாத்தனாரைப் பார்த்து அவள் இப்படிச் சொல்வது அபூர்வம். "சார், முதல்ல உங்க அரைவட்டம். அது கேமராவோட குறை இல்ல. லென்ஸ் முனையில குல்லா மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கீங்களே, ஹூட்டு, வெயில் படாம இருக்கிறதுக்கு. அதோட நிழல். மேலே ஃப்ளாஷ் அடிச்சா கீழே அந்த நிழல் விழும். வெயில்ல மாட்டறதை வீட்டுக்குள்ளயும் மாட்டியிருக்கீங்க."

"அது ஃப்ரீயா கொடுத்தாங்க மேடம்."

"ஃப்ரீயா கொடுத்தா வீட்டுக்குள்ளயும் குடை பிடிப்பார் போல," என்றாள் நாத்தனார்.

"ஆக, அரைவட்டம் இருந்தா ஃப்ளாஷ் அடிச்சிருக்கு. சரிதானே?"

மருமகன் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

"நீங்க நேத்து எடுத்த படத்துலயும் அரைவட்டம் இருக்கு. அப்போ நேத்தும் ஃப்ளாஷ் அடிச்சிருக்கு. அதே இடம், அதே கேமரா, அதே கண்ணாடி." அண்ணி டிவி பக்கம் கை காட்டினாள். "இவ படத்துல கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சிருக்கு. உங்க படத்துல அந்தப் பொட்டு எங்கே?"

நாத்தனார் மருமகனின் படத்தை உற்றுப் பார்த்தாள். மைக்ராஸ்கோப் தெளிவாக, பளபளப்பாக இருந்தது. அதன்மேல் ஒரு வெளிச்சத் துளிகூட இல்லை.

"அண்ணி! நேத்து கண்ணாடியே இல்ல!"

"கண்ணாடி இருந்துது. கதவு திறந்திருந்துது." அண்ணி டிவிக்குப் பக்கத்தில் போய்ப் படத்தின் இடது ஓரத்தைத் தொட்டாள். விரல் அகலத்துக்கு இருட்டாக ஒரு பட்டை. சின்னத் திரையில் அது தெரிந்திருக்காது. இங்கே அது மரச்சட்டமாகத் தெரிந்தது. சட்டத்தில் பூட்டு, பூட்டில் சாவி. "கண்ணை வெச்சுப் பார்த்தப்போ இது உங்களுக்குத் தெரியலை. நீங்கதான் சொன்னீங்களே, பார்க்காததெல்லாம் ஓரத்துல வந்து நிக்குதுன்னு. நல்ல கேமரா சார். நீங்க காட்டாததையும் காட்டுது."

புரொபசரின் சக்கர நாற்காலி ஒரு அடி முன்னால் வந்தது. "மாப்பிள்ளை?"

மருமகன் கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "திறந்தேன் மாமா. கண்ணாடிக்குள்ள வெச்சு எடுத்தா பிரதிபலிக்குதுன்னு நீங்க தூங்கறப்ப சாவியை எடுத்தேன். சொன்னா கோவிச்சுப்பீங்கன்னு சொல்லலை." சட்டென்று அவர் குரலில் தெம்பு வந்தது. "ஆனா மேடம், இதுல விஷயம் இன்னும் சுலபமாயிடுச்சே. நான் சாவியை அதுலயே விட்டுட்டுக் கிளம்பிட்டேன். திறந்து கிடந்த அலமாரி. யார் எடுத்துப் பூட்டிட்டு, சாவியை டிராயர்ல வெச்சிருக்க முடியும்?"

நாத்தனார் நர்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அவளைக் காப்பாற்ற வந்த இடத்தில், இதுவரை பூட்டாவது குறுக்கே நின்றது, அதையும் தாங்களே திறந்துகொடுத்துவிட்டார்கள்.

நர்ஸ் எழுந்தாள். "ஏஜென்சிக்குப் போன் பண்ணிடுங்க சார். இதுக்கு மேல என்னால உட்கார்ந்து கேட்க முடியலை."

"இன்னும் ரெண்டு நிமிஷம் உட்காரும்மா," என்றாள் அண்ணி. பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். "ஏண்டி, அப்போலேருந்து புடவையில என்ன தேய்ச்சுக்கிட்டே இருக்கே?"

"விரல்ல பசை அண்ணி. லென்ஸைப் பிடிச்சப்போ ஒட்டிச்சு. போகவே மாட்டேங்குது."

"என்ன நிறம்?"

நாத்தனார் விரலைப் பார்த்தாள். "கறுப்பு. கரண்ட்காரங்க சுத்துவாங்களே, இன்சுலேஷன் டேப்பு, அந்தப் பசை மாதிரி."

"சரி. அந்த ஷெல்ஃப் மேல இருக்கிற கேமரா டப்பாவை எடுத்துட்டு வா."

மருமகன் ஒரு அடி எடுத்துவைத்தார். "அது காலி டப்பா மேடம்."

நாத்தனார் ஸ்டூலில் ஏறி, காலி டப்பாவைத் தூக்கும் அலட்சியத்தோடு ஒரு கையால் இழுத்தாள். மறு கையையும் கொடுக்க வேண்டியிருந்தது. இறங்கி மேஜையில் வைத்தபோது உள்ளே ஏதோ லொடக்கென்று உருண்டது.

"கேமரா சார் கழுத்துல இருக்கு," என்றாள் அண்ணி. "புத்தகம் வெளியே இருக்கு. உறை வெளியே இருக்கு. வாரண்டி முடியற வரைக்கும் ஒரு துண்டுக் காகிதம் போகக்கூடாதுங்கிறவர், உள்அட்டையைக்கூட உருவி வெளியே அடுக்கி வெச்சிருக்கார். எல்லாம் வெளியே இருந்தா, டப்பா எதுக்குடி கனக்குது?"

நாத்தனார் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியைத் திறந்தாள்.

பழைய பனியன் ஒன்றில் சுற்றி, மைக்ராஸ்கோப் இரண்டு துண்டாகக் கிடந்தது. குழாய் வளைந்திருந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் அதன் வாயைச் சுற்றிக் கறுப்பு டேப் கிழிந்து தொங்கியது.

"யாரும் திருடலை," என்றாள் அண்ணி. "உடைஞ்சிருக்கு. கேமராவை இதோட வாயில வெச்சு டேப் சுத்தியிருக்கார். இது ஒத்தைக் கால்ல நிக்கிற சாமான், கேமரா பாரம் தாங்குமா?"

மருமகன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இந்த லென்ஸ்ல ரொம்பக் கிட்டத்துல எடுக்க வராது மேடம். தனி லென்ஸ் வாங்கணும். இதுல ஒட்டிப் பார்த்தா இலையோட நரம்பெல்லாம் வரும்னு நினைச்சேன். வந்துது. ஒரே ஒரு படம் வந்துது. அப்புறம் அப்படியே சாஞ்சு கீழே போயிடுச்சு. நான் கேமராவைத்தான் பிடிச்சேன்." அதைச் சொல்லும்போது அவருக்கே கேட்கக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "உடைஞ்சுதுன்னு சொல்ல பயம். காணோம்னு சொன்னா ரெண்டு நாள் தேடிட்டு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். சிஸ்டர்தான் எடுத்தாங்கன்னு நான் சொல்லவே இல்ல. படத்தை மட்டும்தான் காட்டினேன்."

புரொபசர் மைக்ராஸ்கோப்பைக் கேட்கவில்லை. அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"மாப்பிள்ளை, நீங்க கடிகாரத்தைக் கழட்டிப் போட்டப்ப நான் ஏதாவது சொன்னேனா?" அவ்வளவு கோபத்திலும் அந்த மரியாதை மாறவில்லை. "என் திட்டுக்குப் பயந்து இந்தப் பொண்ணோட சோத்துல கை வெச்சிருக்கீங்க. நேத்து சாயங்காலம் என்னைப் புரட்டிப் படுக்க வெச்ச கை இது. காலையில அந்தக் கையால பையைக் கொட்ட வெச்சீங்க. அப்போ நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். எனக்கும் வெட்கமா இருக்கு."

அண்ணி போனை எடுத்து மருமகன் கையில் கொடுத்தாள். "ஏஜென்சி. உங்க வாயால சொல்லுங்க. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க."

அவர் சொன்னார். பாதியில் 'தவறுதலாக' என்று ஆரம்பித்தார். அண்ணி தொண்டையைக் கனைத்தாள். அந்த வார்த்தையை விட்டுவிட்டு முதலிலிருந்து சொன்னார். எதிர்முனைக்காரர் இரண்டு முறை கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு, நர்ஸ் வழக்கம்போல வேலைக்கு வரலாம் என்றார்.

நர்ஸ் அப்போதுதான் பையின் ஜிப்பை மூடினாள். மூடிவிட்டு மருமகனிடம் வந்து நின்றாள்.

"காலையில எடுத்த படத்தைக் காட்டுங்க சார்."

அவர் தேடி எடுத்துக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல நான் எங்கே இருக்கேன்? பூச்சாடிதானே இருக்கு," என்றாள். "அழிச்சிடுங்க."

அழித்தார்.

"ஏஜென்சிக்குத் திருடின்னு ஒரு படம் போயிருக்கு. அதுக்குப் பதிலா இன்னொண்ணு போகட்டும். இப்போ எடுங்க. பூச்சாடியைப் பார்க்காம, என்னைப் பார்த்து எடுங்க."

அவள் காலையில் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். மருமகன் ஹூட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். லென்ஸ் உள்ளே கொஞ்சம் உறுமி, நின்றது. பீப் என்று சத்தம் வந்தது. படம் எடுக்கும் சத்தம் வரவில்லை. அவருடைய விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இந்தத் தடவை அண்ணி முறைக்காமலே தானாக வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன சார்," என்றாள் நர்ஸ். "இன்னும் ஃபோகஸ் ஆகலையா?"

"ஆயிடுச்சு சிஸ்டர்," என்றார் மருமகன். கேமரா முகத்தை மறைத்திருந்தது. குரல் மட்டும் வந்தது. "ஆயிடுச்சு."